கோலிக்குண்டின் வாழ்க்கை வரலாறு: சேகரிப்பாளர் அறிவும் தமிழாசிரியர் பணியும்

1.0 முன்னுரை

பொருள்சார் பண்பாடு பற்றிய தமிழாய்வுகள் பெரும்பாலும் கோயில், அணிகலன், வேளாண் கருவி, சமையற்கலம் முதலியவற்றை மையமாகக் கொண்டே வளர்ந்துள்ளன. சிறுவர் கையாண்ட பொருள்கள் அவ்வாய்வுகளில் ஓரத்தில் நிற்கின்றன. விளையாட்டுகளின் பெயர்களையும் விதிகளையும் தொகுத்த அறிஞர்கள் நம்மிடையே உண்டு. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணரின் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்னும் நூல் அவ்வகையில் முன்னோடியாகும். ஆயின், அவ்விளையாட்டுகளில் கைமாறிய குண்டும் காயும் சில்லும் எங்கே செய்யப்பட்டன, எவ்வாறு வந்துசேர்ந்தன, பின்னர் என்னவாயின என்னும் வினாக்களை நாம் அரிதாகவே எழுப்பியிருக்கிறோம்.

மேலைநாடுகளில் இவ்வினாக்களுக்கு விடை தேடியவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தார் அல்லர். பொழுதுபோக்காகப் பழைய விளையாட்டுப் பொருள்களைச் சேகரித்துத் தம்முள் காட்டியும் மாற்றியும் பகிர்ந்துகொண்ட சாதாரண மக்களே ஆவர். அவர்களுடைய அறிவு எவ்வாறு உருவாகிறது, அதன் வலிமையும் குறையும் யாவை, நம் நாட்டுத் தமிழாசிரியர்கள் அதிலிருந்து பெறத்தக்கது என்ன என்பவற்றைக் கோலிக்குண்டு என்னும் ஒரு சிறு பொருளை முன்னிறுத்தி இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இப்பொருளின்பால் நம்மை ஈர்த்தது ஒரு மைலோ டின் ஆகும். நாம் மேற்படிப்பின் பொருட்டு இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்தில், பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த எம் பெரியப்பா காலமானார். விடுமுறையில் ஊர் திரும்பியபோது பெரியம்மா அந்த டின்னை எம்மிடம் தந்தார். அதனுள் 43 கோலிக்குண்டுகளும், ஒரு பித்தளைப் பொத்தானும், 1945ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட சதுர வடிவ மலாயா ஒரு சதக் காசும் இருந்தன. அவை எங்கிருந்து வந்தன என்பதை அறிய எமக்கு ஓராண்டாயிற்று. அவற்றைக் கொண்டு அவர் என்ன ஆட்டம் ஆடினார் என்பதை இன்றுவரை நம்மால் முழுமையாக அறிய இயலவில்லை. முன்னதற்கு விடை கிடைத்தமைக்கும் பின்னதற்குக் கிடைக்காமைக்கும் உள்ள வேறுபாடே இக்கட்டுரையின் கருவாகும்.

2.0 சொல்லும் பொருளும்

உருண்டையான சிறு பொருளை உருட்டியோ எறிந்தோ ஆடும் ஆட்டம் தமிழர்க்குப் புதியதன்று. சங்க இலக்கியத்தில் மகளிர் கழங்காடுதல் பல இடங்களில் பேசப்படுகிறது. நற்றிணையின் மூன்றாம் பாடலில் இளங்கீரனார், வேம்பின் நிழலில் ஆட்டக்களம் வரைந்து நெல்லிக்காயை வட்டாகக் கொண்டு ஆடும் சிறுவரைக் காட்டுகிறார். பாலை வழியில் செல்லும் தலைவனுடைய நினைவின் பின்னணியாகவே அக்காட்சி வருகிறது. எனினும், ஆடுகளம், ஆடுபொருள், ஆடுவோர், ஆடும் இடம் ஆகிய நான்கும் அதில் பதிவாகியுள்ளமை ஈண்டு நோக்கத்தக்கது. மைலோ டின்னில் இல்லாது போனவை இவையே.

'கோலி' என்னும் சொல் தெலுங்கு, கன்னடம், இந்தி முதலிய இந்திய மொழிகளிலும் சிறு வேறுபாடுகளுடன் வழங்குகிறது. மலாய்மொழியில் இவ்விளையாட்டுக் குண்டு 'குலி' எனப்படுகிறது. சிங்கப்பூர்ப் பேச்சுவழக்கில் சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் ஒருங்கே 'கோலி' என்றே கூறிவந்துள்ளனர். இந்தியச் சொல்லொன்று இத்தீபகற்பத்துச் சிறுவர் அனைவர்க்கும் பொதுச்சொல்லானதை இது காட்டுகிறது. யாழ்ப்பாணத் தமிழில் வழங்கும் 'போளை' என்பதோ பந்தைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லோடு தொடர்புடையதாகக் கருதத்தக்கது. ஆகவே, ஒரே பொருளுக்கு வழங்கும் இரு தமிழ்ச் சொற்கள் இருவேறு வரலாறுகளைச் சுமந்து நிற்கின்றன எனலாம்.

குண்டை எய்யும் முறையிலும் வேறுபாடு உண்டு. மேலைநாட்டுச் சிறுவர் விரற்கணுவைத் தரையில் ஊன்றிப் பெருவிரலால் குண்டைத் தெறிப்பர். நம்மவரோ இடக்கைப் பெருவிரலைத் தரையில் ஊன்றி, நடுவிரல் நுனியில் குண்டை வைத்து, வலக்கையால் அவ்விரலைப் பின்னோக்கி வளைத்து, வில்லிலிருந்து அம்பு விடுவதைப்போல் விடுவர். பொருள் ஒன்றாயினும் உடலசைவு வேறு. கடல்கடந்து வந்த கண்ணாடிக் குண்டு நம் சிறுவர் கைக்கு வந்தவுடன் நம் ஆட்டத்திற்குள் புகுந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

3.0 களிமண்ணிலிருந்து எந்திரம் வரை

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பியச் சிறுவர் ஆடியவை பெரும்பாலும் கல்லாலும் சுட்ட களிமண்ணாலும் ஆனவை. செருமனியின் இடார்-ஓபர்ஸ்டைன் பகுதியில் அகேட் கல்லைத் தீட்டிக் குண்டுகள் செய்யப்பட்டன. அதே நாட்டின் துரிங்கியா மலைப்பகுதியில் உள்ள லவுஷா என்னும் கண்ணாடித் தொழில் ஊரில், 1840களின் பிற்பகுதியில், கிரைனர் குடும்பத்தாரின் பட்டறையிலிருந்து ஒரு சிறு கருவி தோன்றியது. ஒரு முனையில் கிண்ணம் போன்ற குழிவும் அதனருகே வெட்டும் அலகும் கொண்ட கத்தரிக்கோல் அது. வண்ணக் கண்ணாடி இழைகளைத் தெளிந்த கண்ணாடிக்குள் பொதிந்து, சூட்டில் முறுக்கி நீட்டிய கோலின் நுனியை அக்குழிவில் இட்டுச் சுழற்றி உருண்டையாக்கி வெட்டிவிடுவர். கண்ணாடிக் குண்டு ஓரளவு மலிவான பொருளானது இதனாலேயே ஆகும்.

அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்து அக்ரன் நகரில் சாமுவேல் டைக் என்பவர் 1884ஆம் ஆண்டில் களிமண் குண்டுகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கினார். ஒரு சதத்திற்குக் கைநிறையக் குண்டு வாங்கலாம் என்னும் நிலை தோன்றியபின், ஏழைச் சிறுவனும் கடையில் வாங்கக்கூடிய பொருள்களுள் ஒன்றாகக் கோலிக்குண்டு மாறியது. அதே நகரில், எஃகுக் குண்டுகள் செய்வதில் முன்னரே தேர்ச்சி பெற்றிருந்த மார்ட்டின் கிறிஸ்டென்சன் என்பார், கண்ணாடிக் குண்டு செய்யும் எந்திரத்திற்கு 1905ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். உருகிய கண்ணாடித் துளியைச் சுழலும் வரிப்பள்ளங்களுக்கிடையே இட்டு, எல்லாத் திசையிலும் உருளச் செய்தபடியே ஆறவிடுவது அதன் அடிப்படை. கையால் வெட்டிய குண்டில் எஞ்சும் தழும்பு இதனால் மறைந்தது.

முதல் உலகப்போர் செருமானிய ஏற்றுமதியைத் தடுத்து நிறுத்தியபோது, அவ்விடத்தை அமெரிக்க நிறுவனங்கள் பிடித்துக்கொண்டன. அக்ரனில் தோன்றி 1914ஆம் ஆண்டில் மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க் நகருக்கு இடம்பெயர்ந்த அக்ரோ அகேட் நிறுவனம் அவற்றுள் பெரியது. நல்ல மணலும் மலிவான இயற்கை எரிவாயுவும் அங்குக் கிடைத்தமையே இடப்பெயர்வுக்குக் காரணம். 1950களில் சப்பானிலிருந்து வந்த 'பூனைக்கண்' குண்டுகள் உலகச் சந்தையை நிறைத்தன. தெளிந்த கண்ணாடியின் நடுவே இதழ்போன்ற வண்ணப் பட்டைகள் கொண்ட இவற்றையே நம் நாட்டார் பலரும் 'கோலி' என்றவுடன் மனக்கண்ணில் காண்கின்றனர். அக்ரோ அகேட் 1951ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பின்னாளில் மெக்சிகோவின் குவாடலஹாரா நகரம் கோலிக்குண்டு உற்பத்தியின் பெரிய மையங்களுள் ஒன்றாயிற்று.

4.0 சேகரிப்பாளர் அறிவு உருவாகும் முறை

மேற்கூறிய வரலாறு முழுவதும் நிறுவன ஆவணங்களிலிருந்து மட்டும் கிடைத்ததன்று. கோலிக்குண்டில் செய்தவர் பெயரோ ஆண்டோ பொறிக்கப்படுவதில்லை. அமெரிக்காவில் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரைக் குறிக்க வேண்டுமென 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் விதித்தது. அதனால் பொம்மையின் முதுகிலும் தகர வண்டியின் அடியிலும் நாட்டுப்பெயர் இடம்பெற்றது. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய தகர விளையாட்டுப் பொருள்களில் 'ஆக்கிரமிக்கப்பட்ட சப்பான்' என்னும் குறிப்பு இருப்பின், சப்பான் நேச நாடுகளின் ஆட்சியில் இருந்த காலத்தில், அதாவது 1952ஆம் ஆண்டுக்குள், அது செய்யப்பட்டது என எளிதில் துணியலாம். குண்டுக்கு அத்தகைய உதவி இல்லை. நாட்டின் பெயர் அது வந்த பெட்டியில் இருந்தது. பெட்டியைச் சிறுவர் எறிந்துவிட்டனர்.

ஆகவே, சேகரிப்பாளர்கள் நால்வகைச் சான்றுகளைப் படிப்படியாகக் கைக்கொண்டனர். முதலாவது, குண்டுகளோடு பிரியாமல் எஞ்சிய மூலப் பெட்டி. இரண்டாவது, மூடப்பட்ட தொழிற்சாலைகளின் கழிவுமேடுகளில் கிடைத்த உடைசல்கள். மூன்றாவது, காப்புரிமை ஆவணங்களும் விற்பனைப் பட்டியல்களும். நான்காவது, குண்டின் உடலிலேயே உள்ள அடையாளங்கள். இரு முனைகளிலும் சொரசொரப்பான வெட்டுத் தழும்பு இருந்தால் கோலிலிருந்து கையால் வெட்டப்பட்டது. ஒரே தழும்புடையதாயின் தனியே திரட்டிச் செய்யப்பட்டதாகவோ கோலின் கடைசித் துண்டாகவோ இருக்கலாம். தழும்பே இன்றி வண்ணம் திருகாணிபோல் மேற்பரப்பைச் சுற்றினால் எந்திரத்தில் உருண்டது. நடுவே வெண்ணிற விலங்குருவோ மனித உருவோ பொதிந்த, 'சல்ஃபைட்' என வழங்கும் குண்டில் அவ்வுருவம் வெள்ளிபோல் மின்னினால், உருவத்திற்கும் கண்ணாடிக்கும் இடையே மெல்லிய காற்றுப்படலம் சிக்கியுள்ளது என அறிவர்.

இவ்வறிவு தனியொருவரால் ஆக்கப்பட்டதன்று. ஒருவரிடம் பெட்டி இருக்கும். மற்றொருவரிடம் உடைசல் இருக்கும். மூன்றாமவர் பழைய விற்பனைப் பட்டியலை வைத்திருப்பார். மூன்றும் ஒரே மேசைக்கு வரும்போதே முடிவு பிறக்கிறது. 1975ஆம் ஆண்டில் ஸ்டான்லி பிளாக் என்பார் அமெரிக்கக் கோலிக்குண்டு சேகரிப்பாளர் கழகத்தைத் தோற்றுவித்தபின் இப்பகிர்வு முறைப்படுத்தப்பட்டது.

பகிர்வினால் பிழைகளும் திருந்தின. பழுப்பும் நீலமும் கலந்து மெருகிட்ட களிமண் குண்டுகளைச் சேகரிப்பாளர்கள் நெடுங்காலம் 'பெனிங்டன்' என்று அழைத்தனர். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துப் பெனிங்டன் மட்பாண்டங்களின் மெருகை அவை ஒத்திருந்தமையே காரணம். உண்மையில் அவற்றுள் பெரும்பாலானவை செருமனியிலிருந்து வந்தவை. பொன்துகள்போல் மின்னும் பட்டைகளை உடைய 'லட்ஸ்' குண்டுகள், அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞரான நிக்கலஸ் லட்ஸ் என்பவரின் பெயரால் வழங்குகின்றன. அவையும் செருமானியப் படைப்புகளே. கருநிற உடலில் வண்ணக் கோடுகள் ஓடும் ஒருவகைக் குண்டுக்கு 'இந்தியன்' என்று பெயர். அதற்கும் இந்தியாவில் செய்யப்படுவதற்கும் தொடர்பில்லை. பெயரை மட்டும் நம்பி வரலாறு எழுதுவதன் ஆபத்தை இம்மூன்றும் உணர்த்துகின்றன. சொல்லாராய்ச்சியில் ஈடுபடும் நமக்கும் இது தக்க எச்சரிக்கையாகும்.

எம் மைலோ டின்னுக்கு நேர்ந்ததும் இதுவே. அதிலிருந்து ஒன்பது குண்டுகளை எடுத்துக்கொண்டு நாம் இங்கிலாந்துக்குத் திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நகர மண்டபத்தில் கூடிய பழைய விளையாட்டுப் பொருள் சந்தையில் ஒரு முதியவரிடம் அவற்றைக் காட்டினோம். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணையோடு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆறு பூனைக்கண் குண்டுகளின் கண்ணாடியில் இருந்த இளம்பச்சைச் சாயலைச் சுட்டி, அவை பெரும்பாலும் 1950களின் சப்பானியச் சரக்கு என்றார். நீலப்பச்சை நிறத்தில் ஒழுங்கற்ற இரண்டு குண்டுகளை, விளையாடச் செய்யப்பட்டவையே அல்ல, சோடாப் போத்தலின் அடைப்புகள் என்றார். எஞ்சிய ஒன்று, உடலெங்கும் அடிபட்ட கருநீலக் குண்டு. அதனைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, விலை எதுவும் பெறாது என்று கூறித் திருப்பித் தந்தார். பின்னர், "இதைத்தான் அவர் மிகுதியாக ஆடியிருக்கிறார், என்ன ஆட்டம் ஆடினார்?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

5.0 தழும்பின் மதிப்பு

அம்முதியவரின் கூற்றில் சேகரிப்புலகின் அடிப்படை முரண் அடங்கியுள்ளது. சந்தையில் ஒரு குண்டின் விலையை முடிவு செய்வன வகை, அளவு, நிறம், நிலை ஆகிய நான்கு. இவற்றுள் நிலை என்பது மிக இன்றியமையாதது. அடிபட்ட இடத்தில் கண்ணாடியின் உள்ளே தோன்றும் பிறைவடிவ விரிசலைச் சேகரிப்பாளர்கள் 'நிலா' என்று அழைக்கின்றனர். ஒரு நிலா தோன்றினாலும் விலை குறையும். பல தோன்றினால் மதிப்பே இல்லை. உயர்ந்த விலை பெறுவது எந்தச் சிறுவனும் ஒருமுறைகூட ஆடாத குண்டு. இதனால் அடிபட்ட குண்டுகளைத் தீட்டியும் மீண்டும் சூடேற்றியும் புதியனபோல் விற்போரும் உளர்.

பண்பாட்டு ஆய்வாளர்க்கோ மதிப்பு நேர்மாறானது. நிலாத் தழும்பு என்பது ஒரு குண்டு மற்றொன்றைத் தாக்கிய கணத்தின் பதிவு. அதனைத் தீட்டி அழிப்பது ஏட்டின் எழுத்தைச் சுரண்டுவதற்கு ஒப்பாகும். பொருளுக்கும் மனிதனைப்போல் வாழ்க்கை வரலாறு உண்டு என்னும் கருத்தை மானிடவியலாளர் இகோர் கோப்பிடாஃப் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் முன்வைத்தார். ஒரு பொருள் சில காலம் சரக்காக இருக்கிறது. பின்னர் ஒருவருக்கு மட்டும் உரிய தனிப்பொருளாகிறது. மீண்டும் சரக்காகவும் கூடும். கோலிக்குண்டு கடையில் சரக்கு, சிறுவன் கையில் தனிப்பொருள், சேகரிப்பாளர் மேசையில் மீண்டும் சரக்கு. இரண்டாம் பருவமே நமக்கு உரியது. ஆயினும், பதிவாகாமல் போவதும் அதுவே.

சூசன் ஸ்டூவர்ட் 1984ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் நினைவுப்பொருளையும் சேகரிப்பையும் வேறுபடுத்துகிறார். நினைவுப்பொருள் தன் மதிப்புக்கு ஒரு கதையைச் சார்ந்துள்ளது. சேகரிப்பு வகைப்பாட்டைச் சார்ந்துள்ளது. கதையை இழந்த நினைவுப்பொருள் வெறும் பொருளாகிறது. வகைப்பாட்டை ஒரு சேகரிப்பாளரால் எந்நாளும் மீட்க முடியும். கண்ணாடி அழியாது; ஒப்பிட வேறு குண்டுகள் இருக்கும். கதையை மீட்பதற்கு அதனைச் சொல்லும் மனிதர் உயிரோடு இருந்தாக வேண்டும்.

6.0 சோடாப் போத்தலும் தோட்டப்புறமும்

டின்னில் இருந்த சோடாக் குண்டுகள் மற்றொரு வரலாற்றைச் சுட்டுகின்றன. இங்கிலாந்துப் பொறியாளர் ஹைரம் காட் 1870களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற போத்தல் வடிவம் அது. கழுத்தில் ஓர் இரப்பர் வளையமும் அதனுள் ஒரு கண்ணாடிக் குண்டும் இருக்கும். போத்தலைத் தலைகீழாக வைத்து நிரப்பும்போது, உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் குண்டை வளையத்தோடு இறுக அழுத்தி மூடிவிடும். குடிக்கும்போது அதனை உள்ளே தள்ளினால், கழுத்தில் உள்ள இரு குழிவுகள் குண்டைத் தடுத்து நிறுத்தும். பிரிட்டிசார் ஆட்சிசெய்த நாடுகள் பலவற்றிலும் இப்போத்தல் பரவியது. 1883ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கிய நிறுவனமே பின்னர் ஃபிரேசர் அண்டு நீவ் எனப் பெயர்பெற்றது; அதன் பெயர் பொறித்த காட் போத்தல்களைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி வாங்குகின்றனர். தமிழ்நாட்டில் 'கோலி சோடா' என்னும் பெயரே இவ்வடைப்பினால் வந்தது.

பழைய காட் போத்தல்கள் முழுமையாகக் கிடைப்பது அரிது. அவற்றை உடைத்துக் குண்டை எடுத்துக்கொண்ட சிறுவரே அதற்குக் காரணம் என்பது உலகெங்கும் போத்தல் சேகரிப்பாளர் ஒப்புக்கொள்ளும் செய்தி. போத்தல் சேகரிப்பாளர்க்கு அது இழப்பு. காசு கொடுத்துக் குண்டு வாங்க இயலாத சிறுவனுக்கு அதுவே வரவு. தோட்டத்து லயத்தில் வளர்ந்த ஒரு சிறுவனிடம், கடையில் வாங்கிய சப்பானியக் குண்டும் உடைந்த போத்தலில் எடுத்த குண்டும் ஒரே டின்னில் கலந்திருந்தமை அவன் பொருளியல் நிலையைத் தெளிவாகக் கூறுகிறது. 1945ஆம் ஆண்டுக் காசும் 1950களின் குண்டும் ஒன்றாகக் கிடைப்பதால், அந்த டின் 1950களுக்கு முன் நிறைந்திருக்க இயலாது எனவும் துணியலாம். தொல்லியலார் மண்ணடுக்கில் செய்வதையே நாம் ஒரு மைலோ டின்னில் செய்தோம்.

ஆயின், தோட்டம் இப்போது இல்லை. லயங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி எழுந்துள்ளது. உடன் ஆடியோர் எவர், எங்குச் சென்றனர் எனக் கேட்டறிய வழியில்லை. ஊர் திரும்பியபின் பெரியம்மாவிடம் கேட்டோம். அவருக்கு ஆட்டத்தின் பெயர் தெரியவில்லை. பெண்பிள்ளைகள் அங்கே நிற்கவும் மாட்டார்கள் என்றார். ஒன்று மட்டும் அவர் நினைவில் இருந்தது. அடிபட்ட கருநீலக் குண்டைப் பெரியப்பா 'ராசா' என்று அழைத்தாராம். மற்றக் குண்டுகளைப் பந்தயத்தில் வைத்து இழந்திருக்கிறார். ராசாவை எய்வதற்கு மட்டுமே பயன்படுத்துவார், ஒருபோதும் பந்தயத்தில் வைத்ததில்லை என்று திருமணமான புதிதில் அவரே கூறியிருக்கிறார். சந்தையில் விலைபெறாத அந்தக் குண்டு எம்மிடம் உள்ளவற்றுள் விலைமதிப்பற்றதாக மாறியது அச்சொல்லால்தான்.

7.0 தமிழாசிரியர் செய்யத்தக்கது

இங்கு இங்கிலாந்தின் அயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி தம்பதியரின் பணி நமக்கு வழிகாட்டும். அவர்கள் பல்கலைக்கழகப் பதவி எதுவும் வகிக்காமல் சிறுவர் நூல்களையும் விளையாட்டுப் பொருள்களையும் சேகரித்தவர்கள். 1959ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களுடைய சிறுவர் வழக்காற்று நூலுக்கு ஏறத்தாழ 70 பள்ளிகளைச் சேர்ந்த 5,000 சிறுவர் தகவல் தந்தனர். அப்பள்ளிகளின் ஆசிரியர்களுடைய ஒத்துழைப்பின்றி இது இயன்றிராது. பீட்டர் மறைந்தபின் அயோனா 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், பொருள்களைக் கொண்டு ஆடும் விளையாட்டுகளுக்கென்றே அமைந்தது. கோலிக்குண்டு ஆட்டங்களும் அதில் விரிவாக இடம்பெற்றுள்ளன. பொருளையும் சொல்லையும் பிரிக்காமல் திரட்டியமையே இவர்களுடைய சிறப்பு.

மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. சிங்கப்பூரிலும் பள்ளிகள் பலவற்றில் தமிழாசிரியர் உளர். தோட்டத்திலும் கம்பத்திலும் 1950, 60களில் ஆடிய தலைமுறையினர் இப்போது தாத்தா பாட்டியராக மாணவர்தம் வீடுகளிலேயே இருக்கின்றனர். அவர்களிடமிருந்து பதிவு செய்வதற்குப் பெருஞ்செலவோ கருவியோ தேவையில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் கீழ்க்காணும் ஆறு செய்திகளைக் குறித்தால் போதுமானது.

அ) பொருள்: அளவு, நிறம், எடை, தழும்புகள், தழும்பைத் துடைக்கவோ தீட்டவோ கூடாது.
ஆ) பெயர்: உரியவர் அதனை அழைத்த சொல், அவர் ஒலித்தவாறே.
இ) இடம்: ஆடிய தோட்டம், தெரு, பள்ளித் திடல்.
ஈ) ஆள்: உடன் ஆடியோர் எவ்வினத்தவர், எம்மொழியில் பேசினர்.
உ) ஆட்டம்: குழியா, வட்டமா, கோடா, வெற்றி தோல்வி விதிகள், தோற்றவர்க்குரிய தண்டனை.
ஊ) வரவு: கடையில் வாங்கியதா, வென்றதா, உடைத்து எடுத்ததா, பரிசாகப் பெற்றதா.

இவற்றுள் நான்காவது செய்தி நம் நாட்டிற்குச் சிறப்பானது. 'கோலி', 'குலி' எனச் சொல் மொழிகடந்து சென்றதுபோல், ஆட்ட விதிகளும் எண்ணும் முறையும் கூவும் சொற்களும் இனங்களுக்கிடையே கைமாறியிருத்தல் கூடும். ஒலிப்பதிவு செய்யப்பெற்ற நேர்காணல்கள் கிளைமொழியாய்வுக்கும் உதவும். மாணவர்க்கோ தம் குடும்பத்தாரின் பேச்சையே பாடமாகக் கொண்டு கட்டுரை எழுதும் வாய்ப்பு அமையும்.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, பொருளை உரியவரிடமிருந்து பெற்றுக்கொள்வது நம் நோக்கமாகாது. படமெடுத்துப் பதிவு செய்தபின் அது அவரிடமே இருப்பது நன்று. கழிவுமேடுகளை ஆர்வத்தால் தோண்டிய சேகரிப்பாளர்கள் அரிய சான்றுகளைக் கண்டனர் என்பது உண்மை. எது எந்த அடுக்கில் கிடைத்தது என்னும் குறிப்பின்றி எடுத்தமையால் சிலவற்றை என்றென்றைக்குமாக இழந்தனர் என்பதும் உண்மை. வீட்டு அலமாரிக்கும் இது பொருந்தும். டின்னில் எதனோடு எது கிடந்தது என்பதைக் குறிக்காமல் கலைத்துவிட்டால் காலக்கணிப்பு கெடும். இரண்டாவது, நினைவு பிழைபடும். 'பெனிங்டன்' என்று கூறிய சேகரிப்பாளர் பொய்யர் அல்லர், தவறாக அறிந்திருந்தார். ஆதலால், ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடும் பொருளோடும் ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும்.

அருங்காட்சியகங்கள் இப்பணியைச் செய்யும் எனக் காத்திருக்கத் தேவையில்லை. சிங்கப்பூரில் 2007ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மின்ட் விளையாட்டுப் பொருள் அருங்காட்சியகம் ஒரு தனிமனிதர் சேகரிப்பிலிருந்து தோன்றியது. தனிமனிதர் முயற்சி பொதுநிறுவனமாக வளரக்கூடும் என்பதற்கு அது சான்று. எனினும், கண்ணாடிப் பேழைக்குள் இடம்பெறுவன பெரும்பாலும் அழகியவையும் அரியவையுமே ஆகும். அடிபட்ட ராசாக்களுக்கு அங்கு இடம் கிடைப்பது அரிது. அவற்றுக்குரிய இடத்தைப் பள்ளியின் குறிப்பேடே தர முடியும்.

8.0 முடிவுரை

கோலிக்குண்டு சேகரிப்பாளர்கள் ஒரு முத்திரைகூட இல்லாத சிறு கண்ணாடி உருண்டையிலிருந்து நாடு, பட்டறை, பத்தாண்டு ஆகியவற்றைக் கண்டறியும் அறிவைத் தம்முள் பகிர்ந்தே வளர்த்தனர். அவ்வறிவு பொருளின் பிறப்பைக் கூறும். அது வாழ்ந்த வாழ்க்கையைக் கூறாது. வாழ்க்கையைக் கூறவல்ல சொற்கள் தமிழில் உள்ளன. அவற்றைச் சொல்லவல்ல முதியோரும் இன்னும் உளர். இவ்விரண்டையும் ஒருங்கே பதிவு செய்யும் வாய்ப்பு தமிழாசிரியர்க்கு வாய்த்தாற்போல் வேறெவர்க்கும் வாய்க்கவில்லை.

மைலோ டின் இப்போது எம் பணியறையில் உள்ளது. அதனோடு ஒரு தாளும் உள்ளது. 43 குண்டுகளின் அளவும் நிறமும் வகையும் அதில் முறையாக எழுதப்பட்டுள்ளன. 'ஆட்டம்' என்னும் கட்டத்தில் 42 இடங்கள் வெறுமையாக உள்ளன, ஒன்றில் மட்டும் 'ராசா, எய்வதற்கு, பந்தயத்தில் வைத்ததில்லை' என்னும் குறிப்பு இருக்கிறது. ஐந்தாண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதில் பெரியப்பாவின் அருகில் அமர்ந்து கேட்டிருந்தால் அத்தாள் நிறைந்திருக்கும் என்பதை நாம் அறிவோம். வாசகர்தம் வீட்டு அலமாரியிலும் இத்தகைய ஒரு டின் இருத்தல் கூடும். அதற்குரியவர் அருகிலேயே இருப்பாராயின், ஆய்வு இன்று மாலையே தொடங்கலாம்.